ஊடையை மாத்துங்க, பாவு நூலை அறுக்காதீங்க

சென்னிமலை:
நாவலைத் தொடரா எடுக்கறவங்க ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்க. தறியில குறுக்க ஓடற ஊடையை எந்தக் கலர்ல வேணும்னாலும் ஓட்டிக்கலாம், துணி துணிதான். நீளவாக்குல இழுத்துக் கட்டுன பாவு அறுந்தாத்தான் வேலையே நிக்கும். அதனால "புத்தகத்துல இப்படி இல்லை"ன்னு பொத்தாம்பொதுவா வெய்யாம, எந்த எபிசோடுல எந்த இழை அறுந்துச்சு, அதனால பின்னால எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு எழுதுங்க. புதுசாப் பாக்கறவங்களுக்கு அதுதான் பிரயோசனம்.

தொடக்கத்துக்கு நெட்ஃபிளிக்ஸ்ல 2019 டிசம்பர்ல வந்த 'தி விட்சர்'. எல்லாரும் வெஞ்சது மூணு காலத்தைத் தேதி போடாமக் கலந்து காட்டுனதை. அது ஊடைச் சமாச்சாரம்தான். முதல் எபிசோடுலயே செத்துப்போற ராணி கலாந்தே, நாலாவதுல மகளோட நிச்சயதார்த்த விருந்துல உக்காந்திருப்பா. மூணாவதுல ராஜாவா வர்ற ஃபோல்டெஸ்ட், அதே எபிசோடுல வேறொரு விருந்துல சின்னப் பையனா நிப்பான். இந்த ரெண்டையும் புடிச்சுக்கிட்டா எது முந்தி எது பிந்தின்னு தெரிஞ்சுரும்.

பாவு அறுந்தது வேற எடத்துல. தொடருக்கு மூலமான 'ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி' தொகுப்புல 6 கதைங்க. அஞ்சாவதுல பூத வேட்டைக்காரன் கெரால்ட்டும் கலாந்தேவோட பேத்தி சிரியும் புரோகிலான் காட்டுல முதல் தடவையாச் சந்திக்கறாங்க. அந்தப் புள்ளை அவனை ஒட்டிக்குது, அவன்தான் பொறுப்பை ஏத்துக்காம விட்டுட்டுப் போறான். ஆறாவதுல சிரியோட நாடு சிந்த்ரா எதிரி கையில விழுந்துருது. அவ செத்திருப்பாளோங்கற வெசனத்தோட அலையறவன், ஒரு வியாபாரியோட ஊட்டுக்கு வந்து சேர்றான். அங்கிருந்து அவ ஓடி வர்றா. அந்த ஓட்டத்துக்கு வலு குடுக்கறதே முன்னாடி விட்டுட்டுப் போன குத்தம்தான். தொடர்ல அந்தக் காட்டுச் சந்திப்பு இல்லை. முன்னப்பின்ன மூஞ்சி பாக்காத ரெண்டு பேர் கட்டிப்புடிச்சுக்கறாங்க, அவ்வளவுதான். எட்டாவது எபிசோடைப் போடறதுக்கு முன்னாடி அந்த அஞ்சாவது கதையை மட்டுமாவது படிச்சுருங்க.

கோபி:
அண்ணா சொன்ன கணக்குல பாத்தா 'தி வீல் ஆஃப் டைம்'ல அறுந்த இழைங்கதான் எச்சு. அளவைப் பாருங்க: 14 புத்தகம். முதல் புத்தகத்தோட ஒலிநூல் மட்டுமே கிட்டத்தட்ட 30 மணி நேரம். அமேசான் குடுத்தது சீசனுக்கு 8 எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கம். நாலுல ஒரு பங்குக்கும் சித்தெ எச்சு, அவ்வளவுதான். வெட்டறது தப்பே இல்லை, வெட்டித்தான் ஆகணும். எடமே பத்தாத அந்த எட்டுக்குள்ள புத்தகத்துல இல்லாததைக் கொண்டாந்து திணிச்சதுதான் ஆத்தாமை.

முதல் எபிசோடுலயே பெரினுக்கு ஒரு சம்சாரம். டிராலாக்குங்கற மிருக மூஞ்சி அசுரங்களோட நடக்கற சண்டையில கை தவறி அவளை அவனே கோடாலியால வெட்டிடறான். புத்தகத்துல அப்ப அவன் கல்யாணமாகாத கொல்லன். அவனுக்குள்ள ஓடறது கோடாலியா சுத்தியலாங்கற போராட்டம். பல புத்தகத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏறும். தொடர் அதை ஒரே அடியில முடிச்சுருச்சு. அதுக்கப்புறம் மூணு நாலு எபிசோடுக்கு அந்தப் பையன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நடக்கறதைத் தவிர வேற வேலையே இல்லை.

இன்னொரு அறுப்புக்கு எழுதுனவங்களைக் குத்தஞ் சொல்ல முடியாதுங்க. ராண்டோட கூட்டாளி மேட்ங்கற பாத்திரத்துல நடிச்ச பையன், கொரோனா இடைவெளிக்கப்புறம் படப்பிடிப்புக்குத் திரும்பி வரலை. ஆறு எபிசோடு முடிஞ்சிருந்துச்சு. அதனாலதான் ஆறாவதோட கடைசில எல்லாரும் மாய வாசலுக்குள்ள போறப்ப மேட் மட்டும் வெளிய நின்னுக்கறான். கடைசி ரெண்டு எபிசோடும் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். ரெண்டாவது சீசன்ல இருந்து நடிகரே வேற, மாப்பிள்ளை மாறிட்டானேன்னு திகைக்காதீங்க.

ஆனா டார்வின் கணவாய்ச் சண்டைக்கு எந்தச் சாக்கும் இல்லை. புத்தகத்துல கதாநாயகன் ராண்ட் தன்னையறியாம அங்க வர்ற டிராலாக் படையை அழிக்கறான். தான் ஆருன்னு அவனுக்குப் பயம் புடிக்கறதே அங்கதான். தொடர்ல அந்த வேலையை அஞ்சு பொம்பளைங்க கை கோத்துச் செஞ்சுடறாங்க. கதாநாயகனோட பயத்துக்கு வேர் போச்சு. போதாததுக்கு அதுல ஒருத்தி நைனீவ் கருகி விழுந்து, இன்னொருத்தி எக்வீன் தொட்டதும் எந்திரிக்கறா. சாவை எந்த சக்தியாலயும் குணப்படுத்த முடியாதுங்கறது அந்த உலகத்தோட அடிப்படைச் சட்டம். "அவ சாகலை, மயக்கம்தான்"னு எப்படிச் சமாளிச்சாலும், பாக்கறவங்க மனசுல அந்தச் சட்டம் உடைஞ்சு போச்சு.

பொள்ளாச்சி:
குழந்தைகளோட 'பெர்சி ஜாக்சன்' பாக்கறவங்களுக்கு ஒரே சேதி. புத்தகத்துல அந்த மூணு பசங்க ஒவ்வொரு பொறியிலயும் தெரியாம விழுவாங்க, படிக்கற புள்ளைதான் முன்னயே கண்டுபுடிச்சுட்டு "போகாதடா"ன்னு கத்தும். தொடர்ல பாத்தவங்களைக் கல்லாக்கற மெடூசா ஊட்டு வாசல்லயே "இது மெடூசா"ங்கறாங்க. கத்தறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. இத்தனைக்கும் எழுதுனவரே கூட இருந்து எடுத்த தொடர்.

சிங்காநல்லூர்:
'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' பத்தி வெய்யறதுக்கு முன்னாடி உரிமைப் பத்திரத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. 2017ல அமேசான் வாங்குனது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', அதோட பின்னிணைப்பு, 'தி ஹாபிட்'. 1977ல வந்த 'தி சில்மரில்லியன்' அதுல சேராது. தொடர் நடக்கற இரண்டாம் யுகம்னு அவங்க கையில இருந்தது பெரும்பாலும் பின்னிணைப்புல இருக்கற ஆண்டுப் பட்டியல்தான். பாவும் இல்லை ஊடையும் இல்லை, நூல் வாங்குன சிட்டை மாதிரி.

அந்தச் சிட்டையையாவது வரிசையாப் புடிச்சாங்களான்னு பாருங்க. அந்த யுகக் கணக்குல மோதிரம் அடிக்கத் தொடங்கறது சுமார் 1500ல. சாவில்லாத எல்ஃபுகளோட மூணு மோதிரம் முடியறது சுமார் 1590ல. வில்லன் சௌரோனோட ஒத்தை மோதிரம் சுமார் 1600ல. மனுசங்களோட தீவு நூமெனோர் கடல்ல முழுகறது 3319ல. தொடர் இத்தனையையும் ஒரு மனுச ஆயுசுக்குள்ள மடிச்சு வெச்சுருச்சு. மனுசங்க தலைமுறை தலைமுறையாச் செத்துட்டே இருக்க, எல்ஃபுங்க மட்டும் அப்படியே இருக்கறதைப் பாத்துத்தான் நூமெனோர்க்காரங்களுக்குச் சாவு மேல வெறுப்பு ஏறுது. அந்த ஆயிரத்து எண்ணூறு சொச்ச வருசத்தை எடுத்துட்டா பொறாமைக்குக் காரணமே இல்லாமப் போயிருது. அதனாலதான் தொடர்ல அது "எல்ஃபுங்க வந்து நம்ம வேலையைப் புடுங்கிக்குவாங்க"ங்கற சந்தைக்கடைச் சண்டையாட்டம் முடிஞ்சுது.

மூணு மோதிரத்தை முதல் சீசன் கடைசிலயே அடிச்சதும் அப்படித்தான். எல்ஃபுங்க அடிச்ச மோதிரங்கள்ல கடைசியா வர வேண்டியது முதல்ல வந்துருச்சு.

காங்கயம்:
ஒரு எதிர்ப் பேச்சுங்க. அண்ணன்மார் கதையை ஒரு உடுக்கைக்காரர் பாடுன மாதிரி இன்னொருத்தர் பாடறதில்லை. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மா நம்ம பக்கத்துல 1965ல பதிவு பண்ணுனது 18 ராத்திரிப் பாட்டு. பின்னால அவங்களே அதை 26 எபிசோடு அனிமேஷனா எடுத்தாங்க. சுருக்கறதும் நீட்டறதும் நம்மளுக்குப் பழக்கந்தான். ஆனா எந்தப் பாட்டுக்காரரும் கொம்பன் பன்னி வேட்டையையோ, அருக்காணி தங்காள் அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்குப் போறதையோ விட மாட்டாரு. விட்டா உக்காந்திருக்கற சனம் உடுக்கையைப் புடுங்கிரும்.

தொடர் எடுக்கறவங்களுக்கு அந்தச் சனம் எதுத்தாப்புல இல்லை. 'தி வீல் ஆஃப் டைம்' முதல் சீசன் 2021 நவம்பர்ல வெளிய வந்தப்ப ரெண்டாவதுக்குப் படப்பிடிப்பே நடந்துட்டு இருந்துச்சு. நாம வெஞ்சது அவங்க காதுக்கு எட்டி மூணாவதுல கொஞ்சம் சரியாச்சுன்னு நெனைக்கறதுக்குள்ள, 2025 மே மாசம் கடையையே மூடிட்டாங்க.

ஈரோடு:
காங்கயத்து அண்ணா சொன்னது சரிங்க. கூட ஒண்ணு: இழையை எடுத்தா ரெண்டு முனையிலயும் எடுக்கோணும். 'பொன்னியின் செல்வன்' படத்துல சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவி பெத்த புள்ளைங்கற திருப்பமே இல்லை. கல்கி படிச்சவங்களுக்கு அது வலிதான். ஆனா தொடக்கத்துலயே அந்த முடிச்சைப் போடலை, அதனால முடிவுல மதுராந்தகனே பட்டத்துக்கு வந்தப்ப படத்துக்குள்ள ஓட்டை விழலை.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' ரெண்டாவது சீசன்ல அந்தச் சுத்தம் இல்லை. புத்தகத்துல ராணி ஹெலேனாவுக்கு மூணு குழந்தைங்க. கொலைகாரங்க வந்து ரெண்டு ஆம்பளைப் புள்ளைகள்ல எதைக் கொல்லட்டும்னு கேக்கறாங்க. அவ சின்னவன் மேலோரைச் சொல்றா, அவங்க பெரியவனைக் கொன்னுடறாங்க. அதுக்கப்புறம் உயிரோட இருக்கற மேலோர் மூஞ்சியை அவளால ஏறெடுத்துப் பாக்க முடியறதில்லை. தொடர்ல மேலோரே இல்லை. 2024 செப்டம்பர்ல ஜார்ஜ் மார்ட்டினே இதைத் தன்னோட தளத்துல விலாவாரியா எழுதிட்டு, சித்த நேரத்துல எடுத்துட்டாரு. அவர் வெசனமும் இதேதான்: ஒரு குழந்தையை எடுத்தா, அந்தக் குழந்தையால பின்னால நடக்கற அத்தனையும் ஆட்டங் காணும்.

கோபி:
காங்கயத்து அண்ணாவுக்கு: 'தி வீல் ஆஃப் டைம்' மூணாவது சீசன்ல நாலாவது எபிசோடை மட்டும் தனியாப் பாருங்க. ரூயிடியன்ங்கற பாலைவன ஊர்ல கண்ணாடித் தூணுங்களுக்கு நடுவால ராண்ட் நடக்கறான். ஒவ்வொரு அடி முன்னால வெக்கறப்பவும் காலம் ஒரு தலைமுறை பின்னால போகுது. ஒவ்வொரு முப்பாட்டனோட கண்ணுக்குள்ளயும் அவனே இருக்கான், அத்தனை பேரா நடிச்சதும் அதே நடிகர். வேல் புடிச்ச அயில் சனம் ஒரு காலத்துல கத்தியையே தொடாதவங்கன்னு கடைசில தெரியும். புத்தகத்து வரிசை அப்படியே இருக்கு, பாவு ஒண்ணும் அறுகலை. அவங்களாலயும் முடியும்ங்கறதுக்கு அது ஒண்ணே சாட்சி, அதனாலதான் மத்தது இன்னும் எரியுது.

படிக்கறதா இருந்தா நாலாவது புத்தகம், 25, 26ஆம் அத்தியாயம். எபிசோடுக்கு அப்புறம் படிங்க. பேருங்க சிக்குனா புத்தகத்தோட கடைசில அருஞ்சொல் பட்டியல் இருக்கு, உச்சரிப்போட: ஐஸ் செடாய், கை-ரீ-என். தமிழ் ஒலியை வெச்சுட்டு இங்கிலீஷ் சப்டைட்டிலும் ஓட விடாதீங்க, வாய் சொல்றது ஒண்ணு, எழுத்து சொல்றது ஒண்ணுன்னு ஆயிரும். ஏதாச்சும் ஒண்ணை அணைச்சுட்டுப் பாருங்க.