சாந்தி பர்வத்தில் நின்றுவிட்டேன், தாண்டிப் போகலாமா?

திண்ணைவாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். முழு மகாபாரதத்தையும் உரைநடையில் ஒரு அத்தியாயம் விடாமல் படிப்பது என்று போன வருடம் ஆரம்பித்தேன். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை, அவர் அலமாரியில் இருந்த முதல் தொகுதியைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான். முதல் பகுதியான ஆதி பர்வத்தில் பாம்பு வேள்வி, கதைக்குள் கதை என்று போனதில் கொஞ்சம் திணறினேன். சபா பர்வத்துக்கு அப்புறம் தினம் பத்துப் பக்கமாவது படிக்காமல் படுத்ததில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பாரதத்தை வீட்டில் வைத்து முழுக்கப் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும், சுந்தர காண்டம் படியேன் என்கிறார். நம் பக்கத்தில் பலரும் சொல்வதுதான், அவரோடு வாதம் செய்ய மனசில்லாமல் அவர் தூங்கிய பிறகு படிக்கிறேன்.

போர் நடக்கும் பர்வங்களைவிட என்னை அதிகம் ஆட்டிவிட்டது ஸ்திரீ பர்வம். 27 அத்தியாயம்தான். காந்தாரி முன்னால் தருமன் கைகூப்பி நடுங்கிக்கொண்டு நிற்கிறான், உன் பிள்ளைகளைக் கொன்றவன் நான்தான், என்னைச் சபித்துவிடு என்கிறான். அவள் பதிலே சொல்லவில்லை. கண்ணைக் கட்டியிருக்கும் துணிக்கு அடியில் அவன் கால்விரல் நுனி மட்டும் அவளுக்குத் தெரிகிறது, அந்தப் பார்வை பட்டதும் நகங்கள் கெட்டுப்போகின்றன. அதைப் பார்த்த அர்ஜுனன் மெதுவாக நகர்ந்து கிருஷ்ணனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். பதினெட்டு நாள் அவ்வளவு பேரை எதிர்த்து நின்றவன்! அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கங்கைக் கரை. செத்தவர்கள் எல்லோருக்கும் நீர்க்கடன் செய்யும்போது குந்தி அழுதுகொண்டே, கர்ணன் உங்கள் மூத்த அண்ணன், அவனுக்கும் தண்ணீர் விடுங்கள் என்கிறாள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டபோது என் கையில் ஒட்டியிருந்த எள் ஞாபகம் வந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போது சாந்தி பர்வம். நான் படிக்கும் பதிப்பில் 365 அத்தியாயம். ராஜ்யமே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று தருமன் சொல்வதும், தம்பிகளும் திரௌபதியும் அவனைத் திட்டுவதும் வரை விறுவிறுவென்று போயிற்று. பீஷ்மர் பேச ஆரம்பித்ததும் வரி, கோட்டை, ஒற்றர், அமைச்சர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எழுபதாவது அத்தியாயத்தைத் தொட இரண்டு மாதம் ஆகிவிட்டது. நேராக அசுவமேத பர்வத்துக்குப் போய்விடலாமா? முழுதாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

செஞ்சிப்பக்கம்:

நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாதான் கண்ணுக்குள் வந்தது. செஞ்சிப் பக்கத்து ஊர்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால் தரையில் பெரிய உருவமாகப் படுக்கவைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடிய வேஷக்காரர்கள் அரிதாரம் வழிய அந்த உருவத்தைச் சுற்றி ஓடுவார்கள், பீமன் தொடையில் அடிப்பான், அம்மன் கூந்தல் முடிவாள். அதற்கப்புறம் காந்தாரி ஒப்பாரி வைப்பாள். வேஷம் கட்டியவர் ஆண்தான், ஆனாலும் அந்தக் குரல் வந்ததும் சுற்றி நிற்கும் பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அந்த வருடம் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவர்கள் அழுகை தனியாகக் கேட்கும். சாயங்காலம் தீமிதி, அதோடு திருவிழா முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த பாரதம் ரொம்ப நாள் அதோடு முடிந்ததுதான். எங்கள் பிரசங்கியார் கையில் வைத்துப் பாடியது வில்லி பாரதம். வில்லிபுத்தூரார் நாலாயிரத்து முந்நூறு பாட்டுக்கு மேல் பாடியும் சௌப்திகத்தோடு, அதாவது பத்தாவது பருவத்தோடு நிறுத்திவிட்டார். பின்னால் பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை மிச்சத்தையும் சேர்த்துப் பாடினார், எங்கள் ஊரில் நான் அதைக் கேட்டதில்லை. போருக்கு அப்புறமும் எட்டுப் பர்வம் இருக்கிறது என்பதே எனக்கு முப்பது வயதில்தான் தெரியும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்தில் நிறைய பேர் நின்றிருக்கிறார்கள். கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டுத் திரும்பவும் எடுங்கள், தாண்டாதீர்கள் என்பேன்.

அம்மா சொல்வதைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் பாரதம் படித்தால் மழை வரும் என்றுதான் கோயிலில் படிக்கவே வைப்பார்கள். அதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பழுப்புத்தாள்:

தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு. கும்பகோணம் பதிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை முழுதாகப் படித்திருக்கிறேன். முதல் தடவை சாந்தி பர்வத்தை உங்களைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாவது தடவை என் வீட்டுக்காரர் போன பிறகு படித்தேன், அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. பீஷ்மர் சொல்லும் பதிலை விட்டுவிட்டுத் தருமன் கேட்கும் கேள்விகளை மட்டும் தொடர்ந்து பாருங்கள். அவனுக்குக் கோட்டையைப் பற்றியும் வரியைப் பற்றியும் தெரியாதா? இந்திரப்பிரஸ்தத்தில் ராஜசூயம் செய்தவன். அவன் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம், கேள்வி தீர்ந்துபோனால் எழுந்து அந்த அரண்மனைக்குத்தான் போக வேண்டும். கிழவரும் அவனை விடாமல் பேச்சில் வைத்திருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்து விவசாயம், மழை, பஸ் நேரம் என்று பேசிக்கொண்டே நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது, பண்டிதர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஆபத்தர்மம், அதாவது ஆபத்துக் காலத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பகுதி வரும். அங்கே ஒரு கதை. செத்துப்போன சின்னப் பிள்ளையைச் சுற்றத்தார் சுடுகாட்டுக்குத் தூக்கிவந்து அழுகிறார்கள். ஒரு கழுகு வந்து, போனவர் யாரும் திரும்பியதில்லை, விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்கிறது. கிளம்புகிறார்கள். வளையிலிருந்து ஒரு நரி வந்து, இன்னும் சூரியன் மறையவில்லை, உங்களுக்கு ஈரமே கிடையாதா, இந்த முகத்தை விட்டுவிட்டா போகிறீர்கள் என்கிறது. திரும்பி வருகிறார்கள். மறுபடி கழுகு, மறுபடி நரி. இரண்டுக்கும் பசி. பொழுதோடு அவர்கள் போனால்தான் கழுகு சாப்பிட முடியும், இருட்டினால்தான் நரிக்குக் கிடைக்கும். ஆனால் இரண்டு சொல்வதும் கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது! கடைசியில் சிவன் வந்து பிள்ளையை எழுப்பிக் கொடுப்பார், கழுகுக்கும் நரிக்கும் பசி தீர வரமும் கொடுப்பார். என் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்களில் கழுகும் இருந்தார்கள், நரியும் இருந்தார்கள். அன்று ராத்திரி அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன்.

அதைத் தாண்டி அநுசாசன பர்வம் தொடங்குவதே பாம்பு கடித்துப் பிள்ளையைப் பறிகொடுத்த கௌதமியின் கதையோடுதான். வேடன் பாம்பைக் கட்டிக்கொண்டு வந்து, எப்படிக் கொல்லட்டும் என்று கேட்பான். விட்டுவிடு என்பாள். அதற்குள் பாம்பு, சாவாகிய மிருத்யு, காலமாகிய காலன் மூவரும் நானில்லை நானில்லை என்று வாதாடுவார்கள். அதை எட்டும் வரையாவது போங்கள்.

கோடைமழை:

அக்கா சொன்ன கழுகு நரிக் கதை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் கேட்டவருக்கு நேராக ஒன்று சொல்லிவிடுகிறேன். சாந்தி, அநுசாசனம் இரண்டிலும் எந்த வருணத்தான் என்ன செய்யலாம், யாருக்கு என்ன தண்டனை, யாருக்குத் தானம் கொடுத்தால் என்ன புண்ணியம் என்று அத்தியாயம் அத்தியாயமாக வரும். சில இடங்களில் எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அதே சாந்தி பர்வத்தில்தான் பஞ்சத்தில் பசி தாங்காமல் விசுவாமித்திரர் ஒரு சண்டாளர் வீட்டில் நாய்க்கறி திருடப் போவதும், அந்த மனிதர் ரிஷிக்கே தருமம் சொல்லித் தடுப்பதும் வருகிறது. ஒரே பர்வத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. எல்லாம் ஒரே கை எழுதியதில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் தானப் பட்டியலும் தண்டனைப் பட்டியலும் வரும்போது மனசு ஒப்பாமல் வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை, புரட்டிப் போகலாம், பாவம் ஒன்றும் வராது. கேள்வியும் கதையும் வரும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள்.

ஆனால் முழுதாகத் தாண்டி அசுவமேதத்துக்குப் போகாதீர்கள். அங்கே வேள்வி முடிந்து எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கும்போது பாதி உடம்பு பொன்னான ஒரு கீரி வந்து, சிந்திய தானியம் பொறுக்கிப் பிழைத்த ஒருவர் கொடுத்த மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது என்று சொல்லும். அத்தனை நூறு அத்தியாயம் தானமும் தருமமும் கேட்டுவிட்டு வந்து அதைப் படித்தால் அந்தக் கீரி சொல்வது சுருக்கென்று தைக்கும்.

திண்ணைவாசகன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கோடைமழை சொன்னபடி சில அத்தியாயங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தக் கழுகு நரிக் கதையை எட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்திலேயே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கேட்கிறாரா என்று தெரியவில்லை. நரி இரண்டாவது தடவை பேசும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"நரி சொல்றதுதான்டா நியாயம். அப்பாவைப் பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு எல்லாரும் அவசரப்படுத்திட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்திருக்கலாம்" என்றார்.

இந்த ஒரு வருடத்தில் அவர் இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அப்புறம், நிறுத்தாதே, மேலே படி என்றார். சிவன் வரும் வரை படித்தேன். அடுத்த பகுதியான மோட்ச தர்மத்துக்கு இன்னும் இருபது அத்தியாயம் போல இருக்கிறது, இப்போது பகலிலேயே படிக்கிறேன்.