கோயிலுக்குப் புது நாதஸ்வரம்: மரத்துக்குச் சான்றிதழ் கேட்கலாமா?

பட்டர்வொர்த் தவில்காரன்:
எங்கள் கோயிலுக்கு இரண்டு நாதஸ்வரம் வாங்கப் போகிறோம். கூட்டத்தில் ஒரு தம்பி, காட்டை அழிக்காமல் வெட்டிய மரம் என்று சான்று தரும் உலக அமைப்பான எஃப்எஸ்சியின் முத்திரை உள்ள மரமாக இருந்தால்தான் வாங்க வேண்டும் என்றார். எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்காரர்கள் பழைய வீட்டு உத்தரத்தையும் தூணையும் வாங்கி, அந்த ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பச்சை மரத்தில் செய்த குழல் ஒன்று எங்களிடம் இருந்தது. பினாங்குப் புழுக்கத்தில் ஒரே வருடத்தில் அணசு என்கிற அடிவாய்க்கு மேலே கோடு கோடாக வெடித்துவிட்டது. அனுபவத்தை நம்புவதா, தாளை நம்புவதா?

சீவாளி:
அண்ணே, அந்தத் தம்பி நான்தான். பழைய உத்தரம் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. இடிக்கிற வீடு இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? அப்புறம் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஆச்சா வறண்ட காட்டு மரம், மெல்லத்தான் வளரும். ஒன்றை வெட்டினால் நம் பேரன் காலத்தில்கூட அந்த இடத்தில் அதே பருமனில் மரம் நிற்காது.

கிளாரினெட் செய்கிற ம்பிங்கோ என்ற ஆப்பிரிக்க மரமும் அப்படித்தான், முதிர 70 ஆண்டுக்கு மேல் ஆகும். தான்சானியாவில் 2002 வனச் சட்டம் வந்தபிறகு கிராமமே தன் காட்டுக்குச் சொந்தம் கொண்டாடலாம், மரம் விற்ற பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். கில்வா மாவட்டக் கிராமங்கள் 2009இல் எஃப்எஸ்சி சான்றிதழும் வாங்கின. மரத்தை எண்ணி, வெட்டுக்கு அளவு வைத்து, காவலும் அவர்களே போகிறார்கள். வறண்ட காட்டை வெறும் புதர் என்று நினைத்தால் கரிக்கும் விறகுக்கும் போய்விடும். விலை கிடைத்தால்தான் ஊர் காக்கும்.

மரக்கடை மணியம், பிறை:
தம்பி, நான் மரக்கடையில் முப்பது வருடம் இருந்தவன். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் சான்று மரத்தைத் தனியாக அடுக்கி, கட்டை முனையில் உள்ள எண்ணையும் பில்லையும் ஒத்துப் பார்ப்போம். பெரிய கம்பெனிக்கு அந்தச் செலவு பெரிதில்லை. மாதம் நாலு குழல் கடைகிறவருக்கு? நம் மலேசிய மரச் சான்றிதழுக்கு 2009இல், நாட்டுச் சான்றிதழ்களை அங்கீகரிக்கிற உலக அமைப்பான பிஇஎஃப்சியின் அங்கீகாரமே கிடைத்தது. அப்படியும் சரவாக்கின் பாராம் பகுதிப் பூர்வகுடிகள், தங்களைச் சரியாகக் கேட்காமல் சான்று கொடுத்துவிட்டதாகப் புகார் செய்தார்கள்.

சீவாளி:
அங்கிள், பாராம் மக்கள் சொன்னதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் இருந்ததால்தான் புகார் கொடுக்க ஓர் இடமாவது இருந்தது. செலவைப் பொறுத்தவரை, கில்வாவில் பல கிராமங்கள் ஒரே குழுச் சான்றிதழின் கீழ் இருக்கின்றன. ஆச்சா காட்டு ஊர்களும் அப்படிச் சேரலாமே.

மரக்கடை மணியம், பிறை:
சேரட்டும். அதுவரை அந்தக் கைவினைஞர் பட்டினி கிடப்பதா?

பட்டர்வொர்த் தவில்காரன்:
இன்று காலை ஆசாரிக்கு போன் போட்டேன். ஒரு குழல் உத்தர மரமாம், எந்த ஊர் வீடு என்று பில்லில் எழுதித் தருகிறார். இன்னொன்று புது மரம். வனத்துறை ஏல ரசீது இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சீவாளி:
ரசீது வந்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன் அண்ணே. வராவிட்டால் இப்போதைக்கு ஒரு குழல் போதும்.