புதுப்பிப்பு: மெல்லிய குளம்புக் குதிரைக்கு என்ன லாடம்?

அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரை ஜல்லிப் பாதையில் நொண்டுது, ஆணி அடித்த இடமெல்லாம் குளம்பு பெயருதுன்னு கேட்டிருந்தேனே, இப்போ பரவாயில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குளம்பின் அடிப்பாகம் ரொம்ப மெல்லிசு. சிலர் சொன்ன கனமான இரும்பு லாடத்தை அவர் வேண்டாம்னுட்டார்: கனம் கூடினா ஆணியும் பெரிசாகும், குளம்பு இன்னும் பிளக்கும்.

முன்னங்காலுக்கு மட்டும் அகலப் பட்டை அலுமினிய லாடம், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் தோல் அட்டை, இடைவெளியில் ரப்பர் மாதிரி மெத்தென்ற சிலிக்கோன். லாடத்தின் உள்விளிம்பு குளம்பின் அடிப்பாகத்தில் அழுந்தாதபடி சரிவாக ராவியிருக்கார் லாடக்காரர். அந்த வேலைப்பாட்டில்தான் விஷயமே இருக்கு. அட்டைக்குள் ஈரம் தேங்கி அழுகினால் நாற்றம் வரும், அதனால் தினமும் மோந்து பார்க்கிறேன் (வீட்டில் சிரிக்கிறார்கள்).

ஆணி இல்லாமல் பசையால் ஒட்டும் லாடம் போடச் சொன்னதும் நல்ல யோசனைதான், ஆனா இங்கே ஒட்டத் தெரிந்த ஆள் கிடைக்கலை. 6 வாரத்தில் கழற்றி, வளர்ந்ததைச் சீவி மறுபடி அடிக்கணும்.