கிரேன் காற்றுமானி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். 14 மாடிக் கட்டட வேலை ஒன்றில் பாதுகாப்பைக் கவனிக்கிறேன். டவர் கிரேன் உச்சியில் கிண்ணக் காற்றுமானி (கிண்ணங்கள் சுழன்று காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) இருக்கிறது. நேற்று ஷட்டரிங் பலகையை (கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகை) தூக்கும்போது கேபின் திரை மணிக்கு 28 கிலோமீட்டர் என்றுதான் காட்டியது. திடீரென்று ஒரு வீச்சு. பலகை பட்டம் போலச் சுழன்று, கயிறு பிடித்திருந்த தம்பியைத் தளத்தின் விளிம்புப் பக்கம் இழுத்தது. நல்லவேளை, கயிற்றை விட்டுவிட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. எனக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை.

கிரேன் கையேட்டில் வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர். அது கிரேனுக்கு, அகலமான பலகைக்கு அது செல்லாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறதே!

திரையில் வருவது சில நிமிடங்களின் சராசரி வேகமா, 3 விநாடி வீச்சா (3 விநாடி அளவில் வரும் திடீர் வேகம்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துக் கட்டடத்தின் மூலையில் காற்று முடுக்கிக்கொண்டு வருகிறது. அதனால் தளத்திலும் ஒரு மானி வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரி, அங்கே கிண்ண வகை போதுமா, அல்ட்ராசோனிக் (மீயொலி அலையால் அளக்கும் வகை) வேண்டுமா? அப்புறம், பலகை தூக்க நீங்கள் எந்த வேகத்தில் அலாரம் வைக்கிறீர்கள்? அடுத்த பலகையைத் தூக்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.