சூடானால் நின்றுவிடும் 1996 மாருதி 800: எதை முதலில் பார்ப்பது?

என் முதல் கார். 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, 796 சிசி. 2009-ல் பழையதாக வாங்கினேன். தரைத் தகட்டுக்கு வெல்டிங், பட்டி பார்த்துப் பெயின்ட், சீட்டுக்குப் புது ரெக்சின் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அப்பாவும் சேர்ந்து தேற்றிய வண்டி. டாஷ்போர்டில் அவர் ஒட்டிய முருகன் படம் ஓரம் சுருண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதனால் ‘விற்றுவிடுங்கள்’ என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும், சிக்னலில் நின்றால் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிடுகிறது. அப்புறம் செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பற்றாது. பானெட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். இருப்பது மதுரை. சித்திரை வெயிலில் ஆரம்பித்தது, இரண்டு மாதமாகிறது. இரவில் இந்தத் தொல்லை அனேகமாக இல்லை.

மூன்று ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாச்சு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாச்சு. ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டபோது ஒருமுறை உடனே பற்றியது. அடுத்த முறை அதுவும் பலிக்கவில்லை. ஒரு மெக்கானிக் பம்ப் என்கிறார், இன்னொருவர் பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் என்கிறார்.

வண்டி நின்ற அந்த இருபது நிமிடத்துக்குள், கோளாறு பெட்ரோலிலா கரன்ட்டிலா என்று ரோட்டோரத்திலேயே நானே கண்டுபிடிக்க எதை முதலில் சோதிக்க வேண்டும்?