மென்று உண்ண மறுக்கும் மகனுக்கு உணவைப் பழக்குவது எப்படி?

குடியாத்தம் தாய்:
வணக்கம். ஏழு வயதான என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ளது. குழையப் பிசைந்த தயிர்சாதத்தையும் பாலில் ஊறிய பிஸ்கட்டையும் தவிர வேறெதையும் அவன் உண்பதில்லை. காய்த்துண்டு ஒன்று நாவில் பட்டாலும் துப்பிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிறான். எடையோ ஏறிக்கொண்டே போகிறது, மலச்சிக்கலும் இருக்கிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வருத்தமளிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

சிறப்பாசிரியர், காட்பாடி:
சகோதரி, இதைச் செல்லத்தின் விளைவு என்று நான் கருதவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்த் தசைகள் தளர்ந்திருப்பதாலும், பற்கள் தாமதமாக முளைப்பதாலும், மெல்லுவதே கடினமான வேலையாக இருக்கும். தைராய்டு குறைபாடும் அவர்களிடம் அதிகம். எடை ஏறுவதற்கும் மலச்சிக்கலுக்கும் அது காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். உண்ணும்போது இருமல், புரை ஏறுதல், அடிக்கடி சளிக்காய்ச்சல் ஆகியவை இருந்தால், விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சோதிக்காமல் கெட்டியான உணவுக்கு மாறவே வேண்டாம்.

தடையில்லை என்று தெரிந்தபின், அவன் விரும்பும் தயிர்சாதத்தையே சற்றுக் குறைவாக மசித்து, வெந்த கேரட்டை அதில் சிறிதளவு கலந்து, அவன் ஏற்கும்வரை அதே பக்குவத்தில் பல நாள் கொடுங்கள். நன்றாக வெந்த காயை நீளவாக்கில் நறுக்கி, நீங்களே பிடித்தபடி கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்தால், நாவைப் பக்கவாட்டில் திருப்பவும் கற்றுக்கொள்வான். வேர்க்கடலையை முழுதாகத் தர வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆற்காடு தந்தை:
என் மகளுக்கு ஆட்டிசமும் வலிப்பும் உள்ளன. வலிப்பு மருந்துகளில் சில வைட்டமின் டி அளவைக் குறைக்கும் என்பதால், அவ்வகை மருந்து உண்ணும் குழந்தைகளின் பெற்றோர் மருத்துவரிடம் அதைக் கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. ஆனால் களி விழுங்கும் உணவு; சத்துக்கு நல்லது, மெல்லும் பயிற்சிக்கு உதவாது. மெல்லத் தொடங்கிய பிறகு முருங்கைக்கீரை சேர்த்த மெல்லிய கேழ்வரகு அடையைத் தாருங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன்: சொன்னதைச் செய்ததற்குப் பரிசாகப் பிஸ்கட் கொடுக்கும் வழக்கம் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பாராட்டும் பிடித்த விளையாட்டுமே போதும்.

குடியாத்தம் தாய்:
மிக்க நன்றி. தைராய்டு பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுகிறேன். அவன் தானாக எடுத்து உண்ண, ஊட்டுவதை உடனே நிறுத்த வேண்டுமா?

சிறப்பாசிரியர், காட்பாடி:
உடனே வேண்டாம். பாதம் தரையிலோ பலகையிலோ படும்படி நிமிர்ந்து அமரவைத்து, அவன் கையை உங்கள் கையால் பிடித்துக் கவளத்தை வாயருகே கொண்டுபோய், கடைசி அசைவை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்த பிறகு, பிடியைச் சற்று முன்னதாகவே தளர்த்தலாம்.