பம்ப் மாற்றியதிலிருந்து பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது: டேங்கைத் திறப்பதா, ஒயரைப் பார்ப்பதா?

கோபி_36:
வணக்கமுங்க. வண்டி 2014 மாடல் பெட்ரோல் கார், டேங்க் 43 லிட்டர். பெட்ரோல் பம்ப் போய்விட்டதால் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் அசெம்ப்ளியை முழுசாக மாற்றினோம். ஸ்டார்ட்டிங், பிக்கப் எதிலும் குறை இல்லை. ஆனால் அன்றிலிருந்து முள் சரியில்லை. பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பினாலும் முக்காலுக்கு மேல் ஒரு துளிதான் ஏறுகிறது. காலிக் கோட்டைத் தொட்டு விளக்கும் எரிந்த பிறகு நிரப்பினால் 33 லிட்டர்தான் பிடிக்கிறது, அப்படியென்றால் 10 லிட்டர் உள்ளேயே கிடக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் ஓட ஓட செட்டாகிவிடும் என்கிறார். ஆகவில்லை. சத்தியிலிருந்து திம்பம் ஏறி அடிக்கடி தாளவாடி போகிறவன் நான், முள்ளை நம்ப முடியாமல் மலை ஏறப் பிடிக்கவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

பொள்ளாச்சி_41:
இதில் தேட என்ன இருக்கிறது? பம்ப் மாற்றுவதற்கு முன்னால் முள் சரியாகத்தானே இருந்தது. அப்படியென்றால் கை வைத்த இடத்தில்தான் கோளாறு. அசெம்ப்ளியை டேங்குக்குள் இறக்கும்போது பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்குகிற மிதவையின் கம்பி டேங்க் வாயில் இடித்து வளைந்திருக்கும், நான் எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். அதே மெக்கானிக்கிடம் விடுங்கள், திறக்கச் சொல்லுங்கள், கம்பியைக் கொஞ்சம் வளைத்துச் சரி செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. ஓட ஓட செட்டாகும் என்பதெல்லாம் ஆளை அனுப்பி வைக்கிற பேச்சு.

கோவை_38:
செட்டாகாது என்பது வரைக்கும் சரிங்க. மீதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். கோபிக்காரர் நல்ல தகவல் கொடுத்திருக்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லை. ஃபுல்லில் கால் டேங்க் குறைவு, காலியிலும் கால் டேங்க் குறைவு. ஒரே அளவு, ஒரே பக்கம். மிதவை டேங்க் சுவரிலோ உள்ளே இருக்கும் தடுப்பிலோ இடித்தால் ஏதாவது ஒரு முனையில்தான் தப்பு வரும். மிதவைக் கம்பி நகர்வதை மின்தடையாக மாற்றி முள்ளுக்குச் சொல்கிற ரெசிஸ்டன்ஸ் தகட்டில் தேய்மானம் என்றால் நடுவில் ஓரிடத்தில் முள் விழுந்து எழும். ஒயரை இணைக்கிற கப்ளர் லூஸ் என்றால் பள்ளம் மேட்டில் குதிக்கும். ஒரே சீராகக் குறைந்தால் மூன்று காரணம் இருக்கலாம்: கம்பி வளைவு, எர்த் (வண்டி பாடியோடு சேர்கிற ஒயர்) சரியில்லாமல் கூடுதல் ரெசிஸ்டன்ஸ், இல்லையென்றால் வேறு வண்டிக்கான டேங்க் யூனிட் (மிதவை, கம்பி, தகடு சேர்ந்த பாகம்). பெட்ரோல் குறையக் குறைய ஓம்ஸ் (மின்தடை அளவு) கூடுகிற வகை வண்டிகளில், கெட்ட எர்த் இப்படித்தான் முள்ளைக் கீழே இழுக்கும். சீட்டைத் தூக்கும்போது எர்த் போல்ட்டைக் கழற்றி அரைகுறையாக முடுக்கியிருந்தால் போதும். அதற்கு எதற்குங்க டேங்கைத் திறக்க வேண்டும்?

திருப்பூர்_39:
எல்லோரும் மெக்கானிக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2014 வண்டி அதற்குச் செய்ததே இல்லை. டேங்க் யூனிட்டின் தகடு அரித்திருக்கும். என் பழைய வண்டியில் மைலேஜே இறங்கிவிட்டது.

கோவை_38:
மைலேஜ் இறங்கியது உண்மையாக இருக்கும். எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் போகும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்களுக்கும் அது ஆகாது, அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர் வண்டியில் இருப்பது புத்தம் புதிய டேங்க் யூனிட், மாட்டிய அன்றே தப்பாகக் காட்டியது. அரிப்பு ஒரே நாளில் வராதுங்க.

சங்ககிரி_52:
தம்பிகளா, லாரியில் காலம் காலமாக முள்ளைப் பார்த்தா ஓட்டுகிறோம்? டேங்கில் குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்ப்போம். குச்சி பொய் சொல்லாது. கோபித் தம்பி, ஃபுல் போட்டதும் டிரிப் மீட்டரைச் சுழியில் வை. 400 கிலோமீட்டர் ஆனால் பங்குக்குப் போ. உன் முள் குறைத்துத்தானே காட்டுகிறது, கூட்டிக் காட்டினால்தான் பயம். இதற்குப் போய் டேங்கைப் பிரிப்பார்களா?

கோபி_36:
அண்ணா, லாரி டேங்க் வெளியே இருக்கிறது, மூடியைத் திறந்தால் நேராக உள்ளே தெரியும். காரில் குழாய் வளைந்து போகிறது, குச்சி எங்கே விடுவது? டிரிப் மீட்டரைத்தான் இப்போது பார்த்து ஓட்டுகிறேன். ஆனால் வீட்டில் அப்பாவும் தங்கச்சியும் ஓட்டுகிறார்கள், யார் எப்போது எவ்வளவு போட்டார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்க முடியாதுங்கண்ணா.

பொள்ளாச்சி_41:
கோவைக்காரர் ஒயர் ஒயர் என்கிறார். இரண்டு நாள் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் டேங்கைத்தான் திறக்கப் போகிறீர்கள். கம்பியை வளைத்தால் இரண்டு முனையும் ஒன்றாக ஏறும், இவருக்கு வேண்டியதும் அதுதானே? அவர் சொன்ன கணக்குப்படியே இது கம்பிதான்.

கோவை_38:
வளைப்பதற்கு முன் ஒரு விஷயம் யோசியுங்கள். இன்றைக்கு முள் தப்பு என்றாலும் பாதுகாப்பான பக்கத் தப்பு. காரணம் எர்த்தாக இருந்து, நீங்கள் கம்பியை வளைத்து முள்ளைத் தூக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். நாளைக்கு வேறு யாராவது அந்த எர்த் போல்ட்டை முடுக்கினால், டேங்க் காலியாக இருக்கும்போது முள் கால் டேங்க் காட்டும். பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுக்கு நடுவில் வண்டி நிற்கும். அது போக, பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் பம்புக்கு அந்தப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. அடிக்கடி வற்ற விட்டால் புது பம்பும் சீக்கிரம் போகும்.

இன்னொன்று, வரிசை முக்கியம். டேங்க் நிறைய இருக்கும்போது திறந்தால் பெட்ரோல் வழியும், அதனால் திறப்பதென்றால் பாதிக்குக் கீழே இறங்க வேண்டும். ஆனால் திறக்காமல் அளப்பதற்கு ஃபுல் டேங்க்தான் நல்லது, ஏனென்றால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதில் சந்தேகமே இருக்காது. ஆகவே முதலில் அளவு, பிறகு திறப்பு.

கோபிக்காரரே, ஃபுல் போட்டு, சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வையுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. சீட்டுக்கு அடியில் கப்ளரைக் கழற்றி டேங்க் யூனிட்டின் இரண்டு பின்னிலும் ஓம்ஸ் பாருங்கள். எந்த பின் என்று உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், ஃபுல்லுக்கு எத்தனை ஓம்ஸ் என்பதும் அதிலேயே இருக்கும். வேறு வண்டியின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஜிஎம் வண்டிகளில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. பழைய ஃபோர்டில் தலைகீழ், காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. விடிஓ கம்பெனி கேஜுக்கு காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. ஒவ்வொன்றும் ஒரு விதம். மேனுவல் அளவு வந்தால் டேங்கைத் தொட வேண்டாம், எர்த்தையும் மீட்டர் பக்கத்தையும் பார்ப்போம். வராவிட்டால் பொள்ளாச்சிக்காரர் சொல்வதுபோல் திறந்துவிடலாம்.

பொள்ளாச்சி_41:
எர்த் கோளாறா என்று தெரிய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நிறைய வண்டிகளில் பம்புக்கும் டேங்க் யூனிட்டுக்கும் ஒரே எர்த். பம்ப் நாலைந்து ஆம்பியர் இழுக்கும். எர்த் கெட்டிருந்தால், சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஒரு அளவு, ஸ்டார்ட் செய்து சற்று நேரம் விட்டால் வேறு அளவு காட்டும். கோபித் தம்பி, முள் அப்படி இறங்குகிறதா? இறங்கவில்லை என்றால் எர்த்தை விட்டுவிட்டுத் திறங்கள்.

கோவை_38:
நல்ல சோதனை. ஆனால் இரண்டுக்கும் எர்த் தனித்தனியாக வருகிற வண்டியில் இது எதையும் சொல்லாது. அதனால் ஓம்ஸ் அளவை விட்டுவிட வேண்டாம்.

கோபி_36:
இரண்டும் பார்த்துவிட்டேனுங்க. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஓம்ஸ் எடுத்ததில், ஃபுல் டேங்குக்கு மேனுவலில் இருக்கும் அளவு வரவில்லை, முக்கால் டேங்குக்கு வர வேண்டியதுதான் வருகிறது. அதாவது முள் காட்டுவதும் டேங்க் யூனிட் சொல்வதும் ஒன்றுதான்.

பொள்ளாச்சி_41:
அதைத்தான் முதலிலேயே சொன்னேன். ஒயரும் சரி, மீட்டரும் சரி. திறந்து கம்பியைப் பாருங்கள்.

கோவை_38:
டேங்குக்குள்தான் என்பது உறுதியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் கம்பியா, தகடா என்பது இன்னும் தெரியாது. வெளியே எடுத்ததும் வளைக்கச் சொல்லாதீர்கள். மிதவையைக் கையால் உச்சி வரை தூக்கி ஓம்ஸ் பாருங்கள், அடி வரை இறக்கியும் பாருங்கள். உச்சியில் ஃபுல் அளவு வந்தால் கம்பி வளைவுதான், தாராளமாக வளைக்கட்டும். வராவிட்டால் எவ்வளவு வளைத்தாலும் முள் ஃபுல்லுக்கு ஏறாது. பழைய அசெம்ப்ளி கையில் இருக்கிறதா?

கோபி_36:
டிக்கியில் கிடக்கிறது, வாங்கி வைத்திருந்தேன். பெட்ரோல் இறங்கட்டும், ஒர்க்‌ஷாப்பில் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சங்ககிரி_52:
பழைய சாமானைக் கேட்டு வாங்கி வைத்தது நல்ல காரியம் தம்பி. எல்லோரும் அப்படியே விட்டுவிட்டு வருவார்கள்.

கோபி_36:
திறந்தாச்சுங்க. கம்பியில் வளைவு எதுவும் இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மிதவையை உச்சிக்குத் தூக்கி மெக்கானிக் முன்னாலேயே அளந்தோம். பழையதில் மேனுவலில் உள்ள ஃபுல் அளவு அப்படியே வருகிறது. புதியதில் உச்சியிலும் முக்கால் அளவோடு நின்றுவிடுகிறது. ஸ்பேர் கடையில் எங்கள் மாடல் பெயரைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள், பம்ப் பொருந்துகிறது, டேங்க் யூனிட் மட்டும் வேறு எதற்கோ உள்ளது. மெக்கானிக்கே ஒரு வழி சொன்னார்: டேங்க் யூனிட் கிளிப்பில்தான் மாட்டியிருக்கிறது, பழையதைக் கழற்றிப் புது பம்ப் அசெம்ப்ளியில் போட்டுவிடலாம் என்று.

பொள்ளாச்சி_41:
போடலாம், அமைப்பு ஒன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் கூலி கொடுக்காதீர்கள். கடையில் தப்பாகக் கொடுத்தாலும், மாட்டுவதற்கு முன் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மாட்டுகிறவர் வேலை.

கோவை_38:
கூலி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்ட சாமானை ஒவ்வொரு தடவையும் ஓம்ஸ் வைத்துப் பார் என்று சிறிய ஒர்க்‌ஷாப்பில் எதிர்பார்க்க முடியாது. பில் கொடுத்த கடைதான் பொறுப்பு. அவர் ஓட ஓட செட்டாகும் என்று சொல்லாமல் அன்றைக்கே பார்த்திருக்கலாம், அந்தக் குறை உண்டு.

பொள்ளாச்சி_41:
வாடிக்கையாளருக்குக் கடையைத் தெரியாது, மெக்கானிக்கைத்தான் தெரியும். கடையோடு அவர் பேசிக்கொள்ளட்டும். அதோடு, மூடும்போது ரப்பர் சீல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்ரோலில் ஊறிய சீல் உப்பியிருக்கும், வரிப்பள்ளத்தில் உட்காராது. ஃபுல் போட்டதும் வண்டிக்குள் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

கோபி_36:
சீல் புதிதாகப் போட்டாச்சு, அதற்கு மட்டும் காசு கொடுத்தேன், கூலி அவரே வேண்டாம் என்றுவிட்டார். பழைய டேங்க் யூனிட்டை மாட்டி, ஆட்டோ கட் வரை நிரப்பியதில் முள் ஃபுல் கோட்டுக்கு வந்துவிட்டது, வாசனையும் இல்லை. விளக்கு எரியும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன். அது வரைக்கும் திம்பம் ஏறுவதற்கு முன் சத்தியில் நிரப்பிக்கொண்டுதான் போவேன்.